ஆவணியில் மாலை போட்ட அப்பா

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டதும், கேள்வி அப்பாவுக்கு என்று நினைத்து அவரைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் வேதியியலில் பட்டமும் வாங்கியவள். மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர்கூட என்னை மட்டும் 'மேடம்' என்பார். அப்படிப்பட்டவளை, அதுவும் ஏழு மாத வயிற்றோடு, இரண்டு கை நிறைய வளைகாப்பு வளையல் குலுங்க உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி.

"நான் பி.எஸ்ஸி., டாக்டர்" என்றேன்.

"நான் அதைக் கேக்கலைம்மா" என்றார் அவர், பேனாவை மூடாமலே.

அந்த மருத்துவமனையில் நான் கிடந்த நாட்களைப் பற்றிப் பல பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லும்போது அம்மா குறுக்கே புகுந்து வேறு மாதிரி சொல்கிறாள். அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் படிக்கட்டும். அவர்கள் வீட்டு ஆண்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

*

வளைகாப்பு முடிந்து சில நாள்கூட ஆகவில்லை. காலையில் எழுந்தபோது உள்பாவாடையில் ரத்தம். வலி எதுவும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோவுக்கு ஓடினாள். அம்மா பேசாமல் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றுதான். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆவடிப் பக்கம் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் நுழைந்தபோது, ஆட்டோக்காரர் எங்களைவிடக் களைத்துப் போயிருந்தார்.

ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஸ்கேன் அப்போதுதான் வந்த புதுசு. அதற்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆனால் பாத்ரூம் போகக் கூடாது. அம்மா சொம்பு சொம்பாக ஊற்றினாள். என் முறை வந்தபோது கரண்ட் போய்விட்டது. வரிசையில் என்னைப் போல் தண்ணீர் குடித்த கர்ப்பிணிகள் ஒரு பெஞ்சு நிறைய. ஒருத்தியும் பேசவில்லை, அசையவில்லை, சிரிக்கவில்லை. யாராவது இருமினால் எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தோம். உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பயத்தைக்கூட அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டு போயிற்று என்றால் நம்புங்கள்.

ஸ்கேனில் இரண்டு விஷயம் தெரிந்தது. நச்சுக்கொடி, அதாவது தாயிடமிருந்து பிள்ளைக்குச் சாப்பாடும் மூச்சும் கொடுக்கும் கொடி, இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கி ஒட்டியிருந்தது. ரத்தம் அதனால்தான். இரண்டாவது, பிள்ளை அதன் வயதுக்கு இருக்க வேண்டிய அளவு இல்லை. சின்னதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. நான் பிடிப்பதில்லை என்று நிச்சயமானதும், வீட்டில் யார் பிடிக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. என் கணவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் மசக்கை ஆரம்பித்த நாளிலிருந்து, கொரட்டூரில் மாமியார் வீட்டுத் தாளிப்பு வாசனை தாங்காமல், நான் பாதி நாள் அம்மா வீட்டில்தான் இருந்தேன். அம்மா வீடு என்பது ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதற்குள் அப்பா காலையில் கண் விழித்ததும் ஒன்று, கக்கூசுக்கு ஒன்று, டீக்கு ஒன்று என்று தொடங்குவார். வீட்டுக்குள் வரும் கொசுகூட இருமிவிட்டுத்தான் போகும்.

"பீடி தானேம்மா" என்றார் அப்பா பணிவாக. "சிகரெட்னா தப்பு. பீடி இலை. ஒரு மாதிரி மூலிகை."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பீடி அணைந்து அணைந்து போவதால் அதை இழுத்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதனால் விஷம் குறைவதில்லை என்றார். பிறகு அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தம் ஒரு பஸ். அதில் ஏற வேண்டிய பயணி பிராணவாயு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு முண்டியடித்து ஏறி அந்த சீட்டில் உட்கார்ந்துவிடும், லேசில் இறங்காது. பிராணவாயு ஸ்டாப்பிலேயே நிற்கும். பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டியது அதுதான். பிடிப்பவர் தாயாக இருந்தால் பாதிப்பு அதிகம். பக்கத்தில் இருந்து மூச்சோடு உள்ளே இழுத்தாலும் பாதிப்பு உண்டு.

"உங்க பீடியாலதான் இப்படி ஆச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனா இனிமே இந்தப் பிள்ளை வளரணும். அதுக்குப் புகை இல்லாத வீடு வேணும். இங்கேர்ந்து அனுப்பும்போது அப்படி ஒரு வீட்டுக்குத்தான் அனுப்புவேன். உங்க வீடா, மாப்பிள்ளை வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

நான் கார்பன் மோனாக்சைடைக் கல்லூரியில் படித்தவள். முழு மதிப்பெண் வாங்கிய பாடம். அது எங்கள் கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

*

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்து வந்துவிட்டு, மறுபடி மாமியார் வீட்டுக்கே பிரசவத்துக்கு அனுப்பினால், பெற்றவர்களுக்குத் துப்பில்லை என்று அர்த்தம். என் மாமியார் கெட்டவர் இல்லை. செய்தி கேட்டு வந்தவர், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால முடியலைன்னா நாங்க பாத்துக்கறோம் சம்பந்தி, கவலப்படாதீங்க" என்றார். அதைவிடப் பெரிய அடியை யாராலும் அம்மாவுக்குக் கொடுத்திருக்க முடியாது.

என்னைப் படுக்கையில் சேர்த்தார்கள். எழுந்து நடக்கக் கூடாது. வளையல்களை மேலே தள்ளிவிட்டு ரத்த அழுத்தம் பார்க்க சிஸ்டர் தினமும் என் கையோடு மல்லுக்கட்டுவார். அந்த நாட்களில் என்னைவிட அதிகம் சிகிச்சை பெற்றது அப்பாதான்.

முதல் நாள், பீடிக்கட்டை அம்மா கண்ணெதிரே கூரைமேல் வீசி எறிந்தாராம். மறுநாள் பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கி, தகடு ஒழுகுகிறதா என்று பார்க்க ஏறினாராம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள் அது. அதற்கடுத்த நாள் வீட்டில் பிடிப்பதில்லை, வெளியில் மட்டும் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பார்வையாளர் நேரத்தில் வந்து என் கட்டிலுக்கு அருகே நின்றபோது, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா கதவிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார்.

"எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு டாக்டர்."

காதில் இன்னொன்று செருகியிருந்ததை அவர் மறந்துவிட்டார். டாக்டரம்மா அதை எடுத்து, மருந்துத் தட்டில் வைத்து, சிஸ்டரிடம் கொடுத்தனுப்பினார். அப்பா தன் பீடி போவதைத் தன் பிள்ளையை ஆபரேஷனுக்கு அழைத்துப் போவதைப் போலப் பார்த்தார்.

அவருக்கும் சொல்ல நியாயம் இருந்தது. பீடி இல்லாமல் காலையில் வெளிக்குப் போக முடியவில்லை. லேத் முன்னால் நின்றால் கை நடுங்குகிறது. அளவு தப்பினால் இரும்பு வீணாகும், விரலும் போகும். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும், கோபம் வரும், தூக்கம் வராது, அப்புறம் குறையும் என்றார். ஆசை வருவது அலை மாதிரி, வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானே போகும். அந்த நேரத்தைத் தண்ணீர் குடித்தோ, எதையாவது மென்றோ, ஒரு நடை நடந்தோ கடத்திவிட்டால் போதும் என்றார். அப்பா தலையாட்டினார். அலை வந்தபோது மறுபடி ஏணி கேட்டுப் போனார்.

அம்மா அன்று கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. என் கட்டிலில் உட்கார்ந்து எனக்கு மாதுளை உரித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"கார்த்திக மாசத்துல மட்டும் எப்படி முடியுது உனுக்கு?"

அப்பா மாதுளைத் தோலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு குப்பைத்தொட்டியைத் தேடிப் போனார்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். அப்பாவுக்குப் பீடியை விடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் விட்டவர். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுவார். மாலை கழுத்தில் இருக்கும் மண்டலம் முழுதும் பீடியும் கிடையாது, கெட்ட வார்த்தையும் கிடையாது, செருப்பும் கிடையாது. மலையிலிருந்து இறங்கி, மாலையைக் கழற்றி, எதிரில் வரும் முதல் பெட்டிக்கடையில் பற்ற வைப்பார். அந்த முதல் இழுப்பைப் பற்றி அவர் பேசும்போது கேட்டால், மலைக்குப் போனதே அதற்குத்தானோ என்று தோன்றும்.

மறுநாள் சாயங்காலம் வார்டே எழுந்து உட்கார்ந்தது. கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் துளசி மணி மாலை, வெறும் கால். வாசலில் அப்பா. அது ஆவணி மாதம்.

"இன்னா வேஷம் இது?" என்றார் சிஸ்டர்.

"மருந்து சிஸ்டர்" என்றார் அப்பா.

மாலை போட்டுவிட்டவர் குருசாமி. எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருக்காரர்களை வருஷா வருஷம் மலைக்கு அழைத்துப் போகிறவர். ஆவணியில் என்னப்பா மாலை என்று முதலில் மறுத்திருக்கிறார். மாதப் பூஜைக்கும் நடை திறக்கிறார்களே என்று அம்மா சட்டம் பேசியிருக்கிறாள். எந்த மாதப் பூஜைக்குப் போகப் போகிறார் என்று கேட்டதற்கு, "பிரசவம் ஆவட்டும் குருசாமி, அப்பறம் பாத்துக்கலாம்" என்றாளாம். விரதத்துக்கு ஆரம்பம் உண்டு, முடிவு இல்லை. குருசாமி தன் அனுபவத்தில் இப்படி ஒரு மாலை போட்டதில்லை.

பட்டறையில் ஒரு வாரம் சிரித்தார்கள். "இன்னா மாமே, காலண்டரத் தலைகீழா மாட்டிட்டியா?" என்று கேட்டார்கள். அப்பாவால் திருப்பித் திட்ட முடியவில்லை. சாமி திட்டக் கூடாது.

*

என் பக்கத்துக் கட்டில் கன்னியம்மாவுடையது. வெள்ளானூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. ரத்தசோகை, கால் வீக்கம். முந்தின பிள்ளை எடை குறைந்து பிறந்து ரொம்பவும் சிரமப்பட்டது என்பதால், இந்த முறை முன்கூட்டியே சேர்த்திருந்தார்கள். டாக்டரம்மா அந்தக் கேள்வியை எனக்கு முன்பே அவளிடம் கேட்டபோது, "ஆமாம்மா, பிடிப்பேன்" என்று சாதாரணமாகச் சொன்னவள். அதனால்தான் அடுத்தபடியாக என்னிடமும் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகு விளங்கியது.

அவளுடைய கணவர் மண் மிதித்துக் குழைப்பவர். இரண்டு கையும் சேறாக இருக்கும். பீடி வேண்டும் என்றால் இவள்தான் அடுப்பில் பற்ற வைத்து அவர் வாயில் சொருக வேண்டும். இழுக்காமல் பீடி பற்றாது. அப்படி அவருக்காக இழுத்து இழுத்து, ஒரு கட்டத்தில் அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. அவள் வார்டுக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்துக்கு அடிக்கடி போவாள். உலர்த்த அவளிடம் துணியே கிடையாது.

நான் அவளுக்குக் கார்பன் மோனாக்சைடைப் பற்றி விளக்கினேன். ஹீமோகுளோபினிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, "நல்லா பேசற பாப்பா, ரேடியோல உன்ன எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள்.

கறுப்பு வேட்டியில் அப்பாவைப் பார்த்த அன்று, கன்னியம்மா, டாக்டரம்மா போகட்டும் என்று காத்திருந்து, தன் கட்டிலிலிருந்து அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"சாமி, ஒரு பீடி கீதா?"

அப்பாவின் முகத்தில் எத்தனையோ வந்து போயிற்று. இருக்கிறது என்று சொல்ல முடியாது, உண்மையில் இல்லை. இல்லை என்று சொல்ல அதைவிடக் கஷ்டம்.

"உனுக்கு எவ்ளோ நேரமா வேணும்போல கீது?" என்று கேட்டார்.

"காலைலேர்ந்து."

"எனுக்கு நேத்துலேர்ந்து" என்றார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு வரும் பார்வையாளர் நேரத்தில் பாதி கன்னியம்மாவுக்குப் போயிற்று. டாக்டரம்மா அதைக் கண்டுபிடித்து, நல்ல ஏற்பாடு என்று சொல்லிவிட்டார். தனியாக விடுவதைவிட இரண்டு பேராக விடுவது சுலபம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் குறைத்துக்கொள்கிறேன் என்று யாரும் பேரம் பேசக் கூடாது, முழுசாகத்தான் விட வேண்டும், கர்ப்பத்தில் எந்த மாதத்தில் விட்டாலும் அன்றிலிருந்தே பிள்ளைக்கு லாபம் என்றார். அப்பா நெல்லி வற்றல் பொட்டலம் கொண்டுவருவார். இருவரும் மென்றுகொண்டே, பீடியைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார்கள். அவளுக்கு அலை வந்தால் அப்பா அவளை வராந்தாவின் கடைசி ஜன்னல் வரை நடத்திக் கூட்டி வருவார். அவருக்கு வந்தால் அவள், "இன்னா நைனா, மூஞ்சி சுருங்குது, தண்ணி குடி" என்பாள். படுத்துக் கிடந்த எனக்கு, என் அப்பாவை என் கண்ணெதிரிலேயே வேறொருத்தி வளர்ப்பது போல இருந்தது.

கோபமும் வந்தது. டாக்டரம்மா சொன்னபடியே வந்தது. கேன்டீனில் டீ ஆறிப்போயிருந்ததற்கு அப்பா மேசையைத் தட்டப்போனார். "சாமி, சாமி" என்று நாலு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தட்ட ஓங்கிய கையால் ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்தார். இருமல் முன்பைவிட அதிகமாயிற்று. பீடியை விட்டதால்தான் இருமல் வந்தது, ஆகவே பீடிதான் மருந்து என்று ஒரு புதுக் கொள்கையோடு வந்தார். உள்ளே இத்தனை வருஷமாக ஒட்டியிருந்த அழுக்கு இளகி வெளியே வருகிறது, அதுதான் இருமல், கொஞ்ச நாளில் நிற்கும் என்றார் டாக்டரம்மா. நின்றது. காலை நேரப் பிரச்சினையும் தானாகச் சரியாயிற்று. அதை அப்பா வார்டுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

எனக்கு ரத்தம் நின்றது. மறு ஸ்கேனில் நச்சுக்கொடி கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கர்ப்பப்பை வளரும்போது சில பேருக்கு அப்படி ஏறும். பிள்ளையும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கும் முன்பே, அப்பா அவர் எதிரில் போய் நின்று வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். நெல்லி வாசனைதான் வந்தது. "மண்ணூர்பேட்டைக்கே போங்க" என்றார் டாக்டரம்மா. அம்மா அன்றைக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பில்லைப் பற்றி மட்டும் நான் எழுதப்போவதில்லை. அழுகை வரும்.

கிளம்பும்போது கன்னியம்மா அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு சொல்றேன் சாமி, கோச்சுக்காத. நீ மாலையப் பாத்து உட்ட. நான் வவுத்தப் பாத்து உட்டேன். ரெண்டுமே ஒரு நாள் கழண்டுடும். அன்னிக்கு இன்னா பண்றது?"

அப்பா சிரித்தார். ஆட்டோவில் ஏறிய பிறகு சிரிக்கவில்லை. ஓட்டுநரைக்கூடத் திட்டவில்லை.

*

புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. அப்பா மாலையோடே இருந்தார். கார்த்திகை பிறந்து தெருவில் எல்லோரும் மாலை போட்டபோது, புதிதாகப் போட்டவர்கள் அப்பாவின் காலில் விழ ஆரம்பித்தார்கள். ஆவணியிலிருந்து விரதம் இருப்பவர் என்ற செய்தி கொரட்டூர் வரை பரவியிருந்தது. பஜனைக்கு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அப்பாவுக்குப் பாட வராது. கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்த்து இன்னும் பக்தி பெருகும். பட்டறையில் காலண்டரைப் பற்றிக் கேட்ட அதே ஆள், "குருவே, பொண்ணுக்கு வரன் அமையணும்" என்று வேண்டிக்கொண்டு போனார்.

அடைமழையில் எனக்கு வலி எடுத்தது. மண்ணூர்பேட்டையில் முழங்கால் தண்ணீர். கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் நடக்க, நாலு சாமிகள் என்னை நாற்காலியோடு தூக்கி மெயின் ரோடு வரை கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வலிக்கும் நான் கத்த, அவர்கள் சரணம் சொன்னார்கள். ஊர்வலம் போகிறது என்று நினைத்து ஒருத்தர் வாசலில் சூடம் கொளுத்தினார்.

பிரசவ அறையில் நடந்ததை எழுத மாட்டேன். பி.எஸ்ஸி. அங்கே உதவவில்லை என்று மட்டும் சொல்கிறேன். பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அது அழுவதற்கு முன்பு ஒரு கணம் அறை அமைதியாக இருந்தது. அந்தக் கணம் இப்போதும் எனக்குள் முடியவில்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். "சின்னதுதான், ஆனா நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. கதகதப்பாக வைத்திருக்க வேண்டும், பால் மட்டும்தான், புகை அண்டவே கூடாது, இந்த எடையில் பிறந்த பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டினால் தாங்காது என்றார்.

என்னை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது வராந்தாவில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் தீட்டு. தீட்டில் சாமி மாலையோடு இருக்கக் கூடாது. குருசாமி நடுவில் நின்றார்.

"தீட்டு தான் குருசாமி" என்றார் அப்பா ரொம்பவும் பக்தியாக. "எம் பொண்ணு. எம் பேத்தி. எம் ரத்தம். மாலையக் கழட்டிட வேண்டியதுதான்."

"இன்னா உன் ரத்தம்?" என்றாள் அம்மா. "கட்டிக் குடுத்தாச்சு. அவ வேற ஊட்டுப் பொண்ணு. தீட்டு கொரட்டூருக்குத்தான். உனுக்குக் கெடையாது."

நான் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே கேட்டேன். தலைப்பிரசவத்தைத் தன் வீட்டில் பார்க்க இத்தனை பாடுபட்ட அம்மா என்னை வேற வீடு என்கிறாள். கல்யாணத்தில் "இனிமே நீ அவங்க ஊட்டுப் பொண்ணு" என்று சொல்லி அனுப்பிய அப்பா என் ரத்தம் என்கிறார். இரண்டு பேருக்கும் மனதில் இருந்தது பீடிதான் என்பது வராந்தாவுக்கே தெரிந்திருந்தது.

குருசாமி இரண்டு பேரையும் கையமர்த்தினார். "பொறந்தது உன் பொறுப்புல. உன் ஊட்டுக்குத்தான் வரப்போவுது. கழட்டறதுதான் மொற. ஆனா மலைக்குப் போவாமயே கழட்டறது கொற தான். அடுத்த வருசம் வந்து தீத்துடு" என்றார்.

தீர்ப்பு வந்துவிட்டது. அம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையின் தலைத் துணியைச் சரி செய்துகொண்டே, "கொரட்டூருக்கே அனுப்பிடலாமாடி?" என்றாள்.

கோவிலில் மாலையைக் கழற்றிவிட்டு அப்பா நேராகப் பெட்டிக்கடைக்குப் போனார். என் கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு, மாமனாருக்கு மரியாதையாகப் பத்தடி பின்னால் போய், நடந்ததைப் பார்த்து வந்து சொன்னார். கடைக்காரரும் மாலை போட்டிருந்தார். அப்பா கையை நீட்டி வாயைத் திறக்குமுன், அவர் கடையை விட்டு இறங்கி வந்து, மழைத் தண்ணீரில் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாராம். பேத்தி பிறந்த செய்தி கேட்டு, தாரிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை அறுத்துக் கையில் கொடுத்தாராம். அப்பா சீப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாராம். பிறகு அடுத்த கடைக்குப் போனாராம். அங்கேயும் சாமி. அது கார்த்திகை மாதம். அம்பத்தூர் முழுக்கக் கடைக்குக் கடை சாமிகள்.

பீடி வாங்கப் போனவர் வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். குழந்தையைத் தூக்கக் கையை நீட்டியவர், நிறுத்தி, வெளியே போய்க் கையையும் வாயையும் கழுவிவிட்டு வந்தார். கழுவ அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் கழுவினார்.

"இன்னா, கழண்டுடுச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"மாலை கழண்டுடுச்சு" என்றார்.

கார்த்திகை, மார்கழி முழுக்க அவருக்கு நெருப்புக் கொடுக்கத் தெருவில் ஆள் இல்லை. தை பிறந்து எல்லோரும் மாலையைக் கழற்றிப் பற்ற வைத்தபோது, பட்டறையில் ஒருத்தர் நீட்டினாராம். அப்பா வாங்கி, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து ஒரு பொட்டலம் நெல்லி வற்றலையும் தனியாகத் தின்று தீர்த்தார். கன்னியம்மாவை ஒரு முறை தடுப்பூசி நாளில் பார்த்தோம். இடுப்பில் ஒரு பையன், முந்தினதைவிடக் கொழுகொழு என்று. அவளும் முகர்ந்துதான் பார்த்தாளாம், நடுவில் ஒரு நாள் சறுக்கி ஒன்று பிடித்தும் விட்டாளாம். "பால் குடிக்கிற புள்ள மூஞ்சியத் திருப்பிகிச்சு நைனா. மறுபடி உட்டுட்டேன்" என்றாள். பீடி வேண்டும் என்றால் புருஷனே கையைக் கழுவிக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டாளாம். சோம்பேறித்தனத்தில் அவருக்கும் பாதி குறைந்துவிட்டதாம்.

என் மகள் இப்போது நன்றாக நடக்கிறாள். சளி பிடித்தால்தான் கொஞ்சம் பயம். தெருவில் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவள் தாத்தாவைத் தாத்தா என்று கூப்பிடுவதில்லை. சாமி என்கிறாள்.

போன கார்த்திகையில் குருசாமி மாலையும் சந்தனமுமாக வீட்டுக்கு வந்தார். குறை பாக்கி இருக்கிறது, கழுத்தை நீட்டு என்றார். அப்பா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"மலைக்கு வரேன் குருசாமி. இவளையும் தூக்கிகினு, பதினெட்டாம் படி ஏறாம பக்க வழியாவே வந்து கும்பிட்டுக்கறேன். மாலை மட்டும் வாணாம்."

"ஏன்யா?"

"போட்டா கழட்டணுமே" என்றார் அப்பா.